முன் சீட்டில் ஓர் எலுமிச்சம்பழம்

அக்கா,

இன்று காலை மஞ்சக்குட்டை போகும் வழியில் ஒரு வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். டேஷ்போர்டின் மேலிருந்த எலுமிச்சம்பழம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டது. நகத்தால் கீறிய பழம். வண்டி முழுக்க வாசனை. ஒரு நொடி, நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தோன்றிவிட்டது. "ஏனுங்க டிரைவரம்மா, பழத்தப் புடிங்க" என்று உங்கள் குரல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. வந்திருந்தால்தான் நான் பயந்திருக்க வேண்டும். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறதே.

உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். வண்டியை நான் விற்கவில்லை. விற்கப் போனதே உங்களுக்குத் தெரியாது அல்லவா, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். வழக்கம்போல நடுவில் புகுந்து கதையைக் கெடுக்க உங்களால் முடியாது என்ற ஒரே தைரியத்தில் நிதானமாகச் சொல்கிறேன்.

நான் ஷேர் ஜீப் ஓட்ட ஆரம்பித்த புதிதில் ஏற்காடு ஸ்டாண்டில் ஒருவரும் என் வண்டியில் ஏறவில்லை. ஸ்டீயரிங்கில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஆட்கள் பின்னால் நின்ற வண்டிக்கு நழுவினார்கள். நீங்கள்தான் கூடையோடு வந்து, முன்கதவைத் திறந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜம்மென்று உட்கார்ந்தீர்கள். நான் ஓட்டுவதன் மேல் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நான் உருகிப்போனேன்.

"அட, அதெல்லாம் இல்லீங்க. பின்னாடி உக்காந்தா எனக்குக் கொடலு வெளிய வந்துரும். ஆம்பள டிரைவரா இருந்தா முன்னாடி உக்கார முடியுங்களா? அல்லா உங்கள அனுப்பி வெச்சான்" என்றீர்கள்.

அப்படித்தான் அந்த சீட்டு உங்களுடையதாயிற்று. பழக்கடைக்குச் சரக்கு எடுக்க மஞ்சக்குட்டைக்கும் கரடியூருக்கும் போகாமல் உங்களால் இருக்க முடியாது. வளைவுகளோ உங்கள் வயிற்றுக்கு ஆகாது. கையில் ஓர் எலுமிச்சம்பழம், மடியில் கூடை, கண் மட்டும் ரோட்டில் இல்லை. என் வலது காலையே பார்த்துக்கொண்டு வருவீர்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கால்ல என்ன சினிமாவா ஓடுது?" என்று கேட்டுவிட்டேன்.

"ரோட்டப் பாத்தா வாந்தி வருதுங்க. உங்க காலப் பாத்தா, எப்பக் குலுக்கப் போவுதுன்னு வயித்துக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சுருவேன். அதுமில்லாம, கொலுசு போட்ட காலு ஒரு ஜீப்ப மெரட்டறத வேற எங்க போயிப் பாக்கறது?"

அதற்குப் பிறகு எங்கே கோபித்துக்கொள்வது.

அந்த எலுமிச்சம்பழ ரகளை நினைவிருக்கிறதா? ஆள் நிறைந்த வண்டி, மேலே காரியரில் சௌசௌ மூட்டைகள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், பாதிக்கு மேல் பெடல் இறங்கவில்லை. வண்டி முக்குகிறது, முனகுகிறது, ஏற மாட்டேன் என்கிறது. நான் அந்த வண்டியை அதன் தாயார் வரைக்கும் இழுத்துத் திட்டினேன். மெக்கானிக்கைத் திட்டினேன். டீசல் ஊற்றிய பங்க்கைத் திட்டினேன். நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் காலத் தூக்குங்க" என்று கையை உள்ளே விட்டு, பெடலுக்கு அடியிலிருந்து நசுங்கிய எலுமிச்சம்பழத்தை எடுத்தீர்கள். உங்கள் கையிலிருந்து நழுவிய பழம்! பிரேக்குக்கு அடியில் போயிருந்தால் என்ன கதி! பின்னால் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது. நீங்கள் மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள்:

"வண்டியத் திட்டறதுக்கு முந்தி, நாம என்னத்தக் கொண்டாந்து வெச்சோமுன்னு பாக்கோணுமுங்க."

பழத்தை நழுவவிட்டது நீங்கள், உபதேசம் எனக்கு. அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே உங்களைப் பாடாய்ப் படுத்தினேன்.

போன வருஷம் கோடையில் சேர்வராயன் கோயில் விழா வந்தது. மலைமேல் கூட்டம் தாங்காது. நீங்களும் வழியோரத்தில் பழக்கூடை போட்டிருந்தீர்கள். ஒவ்வொரு விழாவுக்கும் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், பூசை போட்டு, முன் கிரில்லில் மஞ்சள் துணி கட்டுவேன். போன வருஷத்துப் பழைய துணியை அவிழ்த்துக் கோயிலிலேயே விட்டுவிடுவேன். அன்று என் கையெல்லாம் தேங்காய்த் தண்ணீரும் குங்குமமும். துணியை உங்களிடம் நீட்டி, பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். நீங்கள் பிடித்துக்கொண்டதோடு நிற்காமல் கட்டியும்விட்டீர்கள். பழ மூட்டை கட்டிக் கட்டிப் பழகிய கை, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு.

"நாங் கட்டுனா உங்க சாமி கோவிச்சுக்குங்களா?" என்று பிறகுதான் யோசனை வந்து கேட்டீர்கள்.

"முடிச்சு நின்னாச் சரி, சாமிக்கு என்ன" என்றேன்.

முடிச்சு நின்றது. நீங்கள்தான் நிற்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம் உங்களுக்கு நெஞ்சு வலித்து, உங்கள் மகன் ஆம்புலன்சில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனான். நான் அப்போது மஞ்சக்குட்டையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். சேதி போனில் வந்தது. ஆம்புலன்சில் உங்களுக்கு யாராவது ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்திருப்பார்களா என்பதுதான் என் புத்தியில் முதலில் ஓடியது. பாதி மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். உங்களை எடுத்துக்கொண்டு போனபோது பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். வாய்விட்டு அழுதேன் அக்கா. சொந்தம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. டிரைவரம்மா என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு முன் சீட்டில் நான் ஒருவரையும் உட்காரவிடவில்லை. கூடை ஒன்றை அதன்மேல் வைத்துவிடுவேன். யாராவது கதவைத் திறந்தால், "சீட்டு ரிப்பேருங்க, பின்னாடி போங்க" என்று ஒரு பொய். நல்ல சீட்டை வீணாக்குகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

இந்த வருஷமும் விழா வந்தது. புதுத் துணி கட்டப் போனேன், பழையதை அவிழ்க்க முடியவில்லை. நகம் பெயர்ந்தது, முடிச்சு அசையவில்லை. கத்தரிக்க மனசு வரவில்லை. உங்கள் கை கட்டியது இதுதானே கடைசி. அதனால் புதுத் துணியை மேலே கட்டிவிட்டு, பழைய துணியின் வாலை மழையில் நனைந்து நைந்துபோகாமல் இருக்கட்டும் என்று கிரில்லின் இடுக்கு வழியாக உள்ளே தள்ளிப் பத்திரப்படுத்தினேன். என்னவோ உங்களுக்கு ஒரு குடை பிடித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி.

விழா முடிந்து கோடை மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அந்தத் தயக்கம் ஆரம்பித்தது. சமதளத்தில் ஒன்றும் இல்லை. ஆள் ஏற்றி, ஏற்றத்து வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி யோசிக்கும். கூப்பிட்டால் காது மந்தமானவர் திரும்பிப் பார்ப்பாரே, அப்படி. ஒரு மூச்சு கழித்துத்தான் விலுக்கென்று இழுக்கும். சில நாள் இழுக்காமலே திணறும், பின்னால் கரும்புகை விடும். மறுநாள் வெயில் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

கடைத்தெரு மெக்கானிக் தம்பியை உங்களுக்குத் தெரியும், வேலையில் பொய் சொல்லாதவன். புகையைச் சொன்னதும் ஏர் பில்டரை மாற்றினான். டீசல் பில்டரை மாற்றினான். ஸ்கேனர் போட்டுப் பார்த்தான். ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தான். வண்டி அவனிடம் மகா சாதுவாக நடந்துகொண்டது. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. மனசு சரியில்லாதப்ப நமக்கே தெரியாமக் காலு பின்வாங்குமுங்க. எங்கப்பா தவறுனப்ப எனக்கும் அப்புடித்தான் இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள், சாரல் விழுந்துகொண்டிருந்த காலையில், வண்டி நிறைய ஆளோடு ஒரு வளைவில் ஏறும்போது மிதித்தேன், இழுக்கவில்லை. வண்டி பின்னோக்கி நழுவியது. பின்னால் ஒரு பஸ். பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உள்ளே இருந்த பெண்கள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாள் ஸ்டாண்டில் வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. "அந்தக்கா பயந்து போச்சுங்க, ஓட்ட முடியறதில்ல" என்று என் காதுபடவே பேசினார்கள். ஆட்கள் மறுபடி பின்வண்டிக்கு நழுவ ஆரம்பித்தார்கள். உங்களை ஏற்றிய முதல் நாளுக்கு முந்திய நாள் எப்படி இருந்ததோ, அங்கேயே திரும்பி வந்து நின்றேன்.

வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அல்லவா, எதையும் தீர்மானமாகச் சொல்லிப் பழகியவர். "வண்டியக் குடுத்துப்போடலாம். ஆபீசுல உனக்கொரு வேலைக்குச் சொல்லி வெக்கறேன். ஆளுங்க உசுரு நம்ம கையில இருக்குது" என்றார். கோபித்துச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பரிவாகச் சொன்னார், தலையாட்டிவிட்டேன். சேலத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வருவதாக ஏற்பாடு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை ஆகிவிட்டது நம் கதை என்று எனக்கே என் மேல் அருவருப்பு. ஓட்டுவதைத் தவிர நான் எனக்கென்று செய்துகொண்டது வேறு எதுவும் இல்லை, அக்கா. அது போகிறது என்றால் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவளும் போகிறாள்.

ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. தூறல். மஞ்சக்குட்டை ஸ்டாப்பில் உங்கள் மருமகள் கூடைகளோடு நின்றாள். இப்போது கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், அது உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். நேராக வந்து முன்கதவைத் திறந்தாள். நான் சீட்டு ரிப்பேர் என்று ஆரம்பிப்பதற்குள் கூடையை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கையில் எலுமிச்சம்பழம்.

"எனக்குக் கொமட்டுது டிரைவரக்கா. ரிப்பேரு சீட்டுலயே உக்காந்துக்கறேன்."

உங்கள் மருமகள்தான், சந்தேகமே இல்லை.

அந்த வளைவு வந்தது. மிதித்தேன். வண்டி யோசித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "பயந்துக்காத கண்ணு, எங்காலுதான் இப்பெல்லாம் இப்புடிப் பண்ணுது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்தபடியே சொன்னாள்: "காலு அசையவே இல்லீங்களே. அமுக்குனது அமுக்குனபடியே இருக்குது."

"என்ன சொல்றே?"

"கொமட்டுனா டிரைவரம்மா காலப் பாத்துக்கிட்டே போன்னு மாமி சொல்லியிருக்காங்க. நான் பாத்துக்கிட்டேதான் வர்றேன். நீங்க காலத் தூக்கவே இல்லீங்க. வண்டிதான் மூச்சு வாங்குது."

மேலே சமதளம் வந்ததும் ஓரம் கட்டினேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வருத்தத்தில் இல்லை அக்கா, சந்தோஷத்தில். என் கால் பொய் சொல்லவில்லை. இத்தனை வாரம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். ஒழுங்காக இருந்த சீட்டை ரிப்பேர் என்று சொன்னேன், ரிப்பேரான வண்டியை ஒழுங்கு என்று நம்பினேன். பின்னால் இருந்தவர்கள் எதற்கு அழுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று விழித்தார்கள்.

கண்ணைத் துடைத்ததும் வழக்கம்போலக் கோபம் வந்தது. "அப்ப என்ன கேடு இந்த வண்டிக்கு?" என்று கத்தியபடி இறங்கிக் கதவை அறைந்தேன். அறைந்த கையோடு உங்கள் பேச்சு நினைவுக்கு வந்தது. திட்டுவதற்கு முந்தி, நாம் என்னத்தைக் கொண்டுவந்து வைத்தோம்? தயக்கம் எப்போது ஆரம்பித்தது? விழாவுக்குப் பிறகு. விழாவில் நான் வண்டியில் புதிதாக என்ன செய்தேன்?

முன்னால் போய்க் கிரில்லைப் பார்த்தேன். எல்லோரையும் இறக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, உங்கள் மருமகளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க்கா!"

"இத்தன நேரம் எங்காலத்தான பாத்தே? அதே மாதிரி அமுக்கு."

அமுக்கினாள். எஞ்சின் உறுமியது. நான் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எஞ்சின் காற்று இழுக்கும் குழாயின் வாய் கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. நான் உள்ளே தள்ளிய உங்கள் துணி அதற்கு முன்னால் தொங்குகிறது. உறுமல் ஏற ஏற அந்த ஈரத் துணி ஆடியது, நீண்டது, பச்சென்று குழாயின் வாயில் போய் அப்பிக்கொண்டது. எஞ்சின் திணறியது. பின்னால் கரும்புகை. அவள் காலை எடுத்ததும் துணி ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கீழே விழுந்து தொங்கியது. வெயிலில் காய்ந்து கிடந்தால் ஒட்டாது, சாரலில் நனைந்தால் ஒட்டும். ஆள் இல்லாமல் சமதளத்தில் ஓட்டினால் இழுப்பு போதாது, ஏற்றத்தில் மிதித்தால் ஒரே இழுப்பு. மெக்கானிக் தம்பி அந்தக் குழாய்க்கு அப்புறமிருக்கும் பில்டரைத்தான் பார்த்தான். துணியைப் பார்க்காமல் இல்லை. "சாமி துணியாச்சேன்னு கையே வெக்கலீங்க்கா" என்று நேற்று நாக்கைக் கடித்துக்கொண்டான். வேறு ஊர் மெக்கானிக்காக இருந்திருந்தால் முதல் நாளே பிய்த்து எறிந்திருப்பான்.

குடை பிடித்தேன் என்று நினைத்தேனே, வண்டியின் மூக்கைப் பொத்தியிருக்கிறேன். நீங்கள் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நீங்கள் சிரிப்பதாக நினைத்து நானே சிரித்தேன்.

முடிச்சை அவிழ்க்க நான் மறுபடியும் நகத்தைப் போட்டேன். உங்கள் மருமகள் என் கையை விலக்கினாள். "இது மாமி முடிச்சுங்க. இந்தப் பக்கம் இழுத்தா இறுகும். அந்தப் பக்கம் இழுக்கோணும்." ஒரே இழுப்பு. அவிழ்ந்து அவள் கையில் வந்து விழுந்தது.

பிறகு வண்டியைத் திருப்பி, மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் வைத்துக்கொண்டு கீழே போய் அந்த வளைவில் மறுபடி ஏறினேன். மிதித்தேன். கேட்டதும் கொடுத்தது. அவள் ஒரு கையால் கூடையையும் மறுகையால் வாயையும் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க டிரைவரக்கா, வண்டிக்குக் கொணமாயிருச்சு, எனக்கு இன்னும் ஆகல" என்றாள். நின்றவர்களை ஏற்றிக்கொண்டு ஏற்காடு வந்து சேர்ந்தோம். சேதி எங்களுக்கு முன்னால் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டில் சொன்னதும் ரைட்டர் வெளியே வந்து கிரில்லைக் குனிந்து பார்த்தார். பிறகு சேலத்துக்குப் போன் போட்டு, "வர வேண்டாமுங்க, வண்டிய எங்கூட்டுலயே வெச்சுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு என் காலைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அது போதும்.

துணியைத் துவைத்தேன். குழாயின் வாய் அளவுக்கு வட்டமாக ஒரு புழுதிக் கறை, அது மட்டும் போகவில்லை. மடித்து டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த விழாவில் கோயிலில் சேர்த்துவிடுவேன். இனிமேல் அதைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முடிச்சை உங்கள் மருமகளிடம் கற்றுக்கொண்டேன், காரியரில் மூட்டைகளை அப்படித்தான் கட்டுகிறேன். கோபம் வந்தால் இப்போதும் வண்டியைத் திட்டுகிறேன். ஆனால் முதலில் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திட்டுகிறேன்.

முன் சீட்டில் இப்போது கூடை இல்லை. குமட்டுகிறவர் யாரானாலும் உட்காரலாம். பெரும்பாலும் உங்கள் மருமகள்தான்.

இன்று காலை உருண்ட பழத்தைப் பற்றி ஆரம்பித்தேனே, அதை முடிக்கவில்லை. அடுத்த வளைவில் அது திரும்பி உருண்டு டேஷ்போர்டின் விளிம்புக்கு வந்து, என் காலடியை நோக்கி விழுந்தது. பெடல் பக்கம் போவதற்குள், என் காலையே பார்த்துக்கொண்டு வந்தவள் கையை நீட்டிப் பிடித்துவிட்டாள்.

"நீங்க அமுக்குங்க டிரைவரக்கா" என்றாள். அமுக்கினேன், அக்கா.